அப்பாவின் காருக்குப் பூசிய வெள்ளை

சொல்லால் வெல்ல முடியாத சபை ஒன்று உண்டென்று எவரேனும் கூறியிருந்தால், சென்ற ஆண்டுவரை நான் எழுந்து நின்று மறுத்திருப்பேன். விவாத மேடைகளில் நான் தோற்றது அரிது. அந்தச் செருக்கு இன்னும் முற்றாகப் போய்விடவில்லை.

அப்பா குறிகட்டுவான் இறங்குதுறையில் வாடகைக்கார் ஓட்டியவர். நயினாதீவிலிருந்து படகில் வருவோரை யாழ்ப்பாணம் கொண்டுபோய் விடுவார். ஒரு மாலை, வாழ்நாளெல்லாம் திரும்பிய எங்கள் வீட்டு ஒழுங்கை முடக்கிலேயே மதிலில் மோதிவிட்டார். முன் பம்பர் ஒருபுறம் உள்வாங்கி, வெடித்துத் தொங்கியது.

"மதில் கொஞ்சம் முன்னுக்கு வந்திட்டுது," என்றார். நாங்களும் சிரித்தோம்.

கண் வைத்தியர் சிரிக்கவில்லை. நரம்பு பழுதாகிவிட்டது, போன பார்வை திரும்பாது, இனி வாகனம் ஓட்டக்கூடாது என்று என் முன்னிலையிலேயே சொன்னார். அப்பா நன்றி கூறி எழுந்தார். பேருந்துக்குப் போகும் வழியில் வெடிப்படைக்கும் பட்டியும், தேய்க்கும் தாளும், வெள்ளைப் பெயின்ற் பேணிகளும் வாங்கிக்கொண்டார். பம்பரைத் திருத்தி மறுபடி ஓடுவதாகவே இருந்தார்.

"மேடையிலை ஊரையே வாயடைக்கிறாய். கொப்பருக்கு 'இனி ஓடாதேங்கோ அப்பா' எண்டு ஒரு வசனம் சொல்ல ஏலாதே?" என்று அம்மா குசினி அடுப்படியில் வைத்து என்னைக் குத்தினார்.

"சொல்லுறன் அம்மா. முதல் பூசி முடிக்கட்டும்."

வாதங்களை வரிசைப்படுத்தித்தான் வைத்திருந்தேன். ஆனால் அவர் பம்பரைக் கழற்றி, கொதிநீர் ஊற்றி, உட்புறமிருந்து அழுத்தியபோது நெளிவு 'டப்'பென்று வெளியே வந்தது. "பாத்தியே!" என்று என்னை நோக்கிய அந்த முகத்துக்கு எதிராக எந்த வாதத்தை எடுத்துவைப்பது?

வெடிப்பில் பட்டி பூசி, காயவிட்டுத் தேய்த்தார். பூசுமுன் கழுவவேண்டும். எங்கள் கிணறு உவர். உப்புப் படிந்த இடத்தில் பெயின்ற் ஒட்டாது, பொங்கிவிடும். பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணியைக் காருக்கு ஊற்ற எங்கள் வீட்டில் எவரும் துணியார். ஆயினும் அன்று அம்மாவே நீல வாளி நிறைய அதை எடுத்துவைத்து, "கடைசிக் கழுவலுக்கு நீல வாளி," என்று அவரிடம் சொல்லிவிட்டும் போனார். கிணற்றுத் தண்ணீர் பச்சை வாளியில் பக்கத்தில் இருந்தது.

நான் பழைய படுக்கை விரிப்பொன்றைத் தேடிக்கொண்டு திரும்பியபோது பம்பரைத் துடைத்து முடித்திருந்தார். கடற்காற்றுக்கு மறைப்பாக விரிப்பைப் பிடித்தேன், அவர் பூசினார். பொருள்களை ஒதுக்கும்போதுதான் கண்டேன்: நீல வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது. பச்சை வாளி வெறுமையாகக் கிடந்தது.

மறுநாள் நண்பகலுக்குள் வெள்ளை முழுவதும் வேர்க்குருப்போலப் பொங்கிவிட்டது.

"எப்பிடி வந்திருக்கு, பிள்ளை?"

"நல்லா வந்திருக்கு, அப்பா."

அவர் உள்ளங்கையால் பம்பரைத் தடவினார். பாதியில் விரல்கள் மெதுவாகின; திரும்பி வந்து அதே இடத்தில் நின்றன.

"எந்த வாளியிலை கழுவினனான்?"

"பச்சை."

"ரெண்டும் ஒரு நிறமாத்தான் கிடந்தது," என்றார். பிறகு, "பரவாயில்லை, அப்பிடியே காரிலை பூட்டுவம். நாளைக்கு நீ ஓட்டு," என்று சாவியை என் கையில் வைத்தார். நான் பம்பரின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தேன்.

மறுநாள் இறங்குதுறையில் மற்றச் சாரதிகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன அண்ணை, சாரதி வைச்சு ஓடுற அளவுக்கு வந்திட்டியள்!"

"ஓம், சம்பளமில்லாத சாரதி. வாய்தான் கொஞ்சம் கூட."

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய சிரிப்பே உரத்திருந்தது. படகு வந்தது. பயணிகளை ஏற்றிவிட்டு, அவர் பழக்கத்தில் வலப்பக்கச் சாரதிக் கதவைத் திறந்தார். உள்ளே நான் இருந்தேன். "ஓ," என்றார். கதவை மெல்லச் சாத்திவிட்டு, காரைக் கையால் தொட்டபடி சுற்றி மறுபக்கம் வந்தார்.