தூங்கிய மணி நேரம்

எங்கள் பள்ளிக்கூடத்து பஸ் ஷெட்டில் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. சாவி வாங்குமுன் டிரைவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘தூங்கிய மணி நேரம்’. ஆறுக்குக் குறைந்தால் சாவி கொடுக்கக் கூடாது என்பது விதி. எல்லோரும் ஏழு என்றுதான் எழுதுவார்கள். விடிய விடியச் சீட்டாடிவிட்டு வந்தவரும் ஏழுதான். ஏட்டுச் சுரைக்காய்! சாவி எடுத்துக் கொடுக்கும் நானும் அந்தக் கட்டத்தைப் படித்ததில்லை. இத்தனைக்கும் என் மகளே மூன்றாம் நம்பர் பஸ்ஸில்தான் போகிறாள்.

அந்த பஸ்ஸின் டிரைவருக்கு ‘ஹாரன்’ அண்ணன் என்று பெயர். பத்தொன்பது வருடத்தில் அவர் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை, அதனால் வைத்த பட்டம். ரோட்டில் நாய் படுத்திருந்தால், அது எழுந்து சோம்பல் முறித்துப் போகும்வரை வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். மழை பெய்தால் ஒவ்வொரு பிள்ளையாகக் குடை பிடித்து இறக்கிவிடுவார். தினமும் பத்து நிமிடம் தாமதம். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். கேட்டால், “பத்து நிமிஷத்துல ஒண்ணும் குடி முழுகிடாதும்மா” என்பார்.

போன வாரம் அவரை ஃப்ளூ காய்ச்சல் படுக்கையில் தள்ளிவிட்டது. ஐந்தாம் நாள் காலை, கன்னம் ஒட்டி, கண் இரண்டும் சிவந்து வந்து நின்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மாற்று டிரைவரும் அதே காய்ச்சலில் விழுந்திருந்தார். அன்று பிள்ளைகளுக்குப் பரீட்சை வேறு.

“உடம்பு எப்படிண்ணே இருக்கு?”

“காய்ச்சல் விட்டுருச்சு. டாக்டரும் வேலைக்குப் போகலாம்னுட்டார். தூக்கம்தான் வர மாட்டேங்குது. படுத்தா இருமல், உக்காந்தா தலைவலி. நாலு ராத்திரியா நாற்காலியில கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருக்கேன். உன் அண்ணி பாவம், வெந்நீர் வச்சுக் கொடுத்தே அலுத்துட்டா. ‘நீங்க தூங்கினீங்கன்னா என்னை எழுப்புங்க, வந்து பார்க்குறேன்’ங்கிறா.”

சிரித்துக்கொண்டே ரிஜிஸ்டரை நகர்த்தினேன். கையெழுத்துப் போட்டவர், கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிவிட்டார்.

“என்னண்ணே யோசனை? ஏழுன்னு போட்டுட்டுக் கிளம்புங்க. நேரமாச்சு.”

“ஒண்ணரை மணி நேரம் தூங்கியிருப்பேன்மா. இப்ப ஸ்கூட்டர்ல வரும்போது சிக்னல்ல கண்ணு சொக்கிருச்சு. பின்னாடி நின்னவன் சத்தம் போட்டுத்தான் முழிச்சேன்.”

“ஒரு டீ குடிச்சா எல்லாம் சரியாயிடும். இதை யாரு படிக்கப் போறா?”

என் வாய் சும்மா இருந்தால்தானே!

அவர் கோபப்படவில்லை. பேனாவை என் பக்கம் நீட்டினார். “எனக்குக் கை வரலை. ஏழுன்னு நீயே எழுதும்மா. எழுதிக் குடு, வண்டிய எடுக்குறேன்.”

மடச்சி, நானும் வாங்கிவிட்டேன். ஒரே ஒரு எண்ணைத்தான் எழுத வேண்டும். ஆனால் மூன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக்கொண்டு என் மகள் போவது கண் முன்னால் வந்து நின்றது. இத்தனை வருடம் எத்தனை ஏழுகளுக்குச் சாவி கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. ‘ஒன்றரை’ என்று எழுதி, சாவியை ஆணியிலேயே திரும்ப மாட்டினேன். அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

முப்பத்தெட்டு வீடுகளுக்குப் போன் போட வேண்டும். அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

“இன்னைக்கு பஸ் வராதுங்க. பாப்பாவை நீங்களே கொண்டுபோய் விட்டுருங்க.”

“ஏன், வண்டிக்கு என்ன ஆச்சு?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. டிரைவர் தூங்கலை” என்றேன்.