கிணற்றுப் பங்கும் எக்ஸும்

யாழ்ப்பாணத்தில் எனக்கு முதலில் முகமன் கூறியது ஒரு வேலி. கோப்பாய்க்கு அடுத்த இந்தக் கிராமத்தில் தெருவில் நடப்பவள் கண்ணில் வீடு எதுவும் படாது. இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பனையோலை வேலிதான். காலையில் புத்தகங்களை அணைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போகும்போது, ஓலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "ரீச்சர், எங்கை போறியள்?" என்று கேட்கும். தினமும் அதே நேரத்தில் அதே பாதையில் போகும் ஆசிரியை வேறெங்கே போவாள்? முதல் வாரம் நின்று, முகம் தெரியாத அந்த ஓலைக்கு மரியாதையாகப் பதில் சொன்னேன். நான் போவதற்கு முன்பே என் பதில் அடுத்த வேலிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நம் திருநெல்வேலிச் சீமையில் தந்தி அடிக்கக் காசு கொடுக்கிறோம். இவர்களுக்கு அந்தச் செலவே இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து நான் கப்பலேறிய காரணம் பெரிய இலட்சியம் ஒன்றுமில்லை. அப்பா காலமானபின் அண்ணன்மார் இருவரும், "இவள் எங்கே இருப்பாள்?" என்று என் முன்னாலேயே அன்பாக ஆலோசித்தார்கள். பெரியண்ணன் சின்னண்ணன் வீடு வசதி என்றார்; சின்னண்ணன் பெரியண்ணன் வீட்டில் காற்று நன்றாக வரும் என்றார். அந்தச் சமயத்தில் இங்குள்ள மிஷன் பெண் பாடசாலை ஒன்றுக்குக் கணிதம் படித்த ஆசிரியை தேவை என்று விளம்பரம் வந்தது. தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியபோது, வாந்தி எடுத்ததையும் மீறி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி யார் வீட்டுக் காற்றும் வேண்டாம்.

சந்தோஷம் பாடசாலை மனேச்சரைப் பார்க்கும்வரைதான் நீடித்தது. மனேச்சர் ஒரு போதகர், நல்ல மனிதர், பெண்களின் மூளை சூடேறக்கூடாது என்பதில் மிகுந்த அக்கறை உள்ளவர். இங்கிலாந்திலிருந்து உத்தரவு வந்ததால் அல்ஜீப்ராவைச் சேர்த்திருக்கிறார். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. நத்தார் என்று இங்கே சொல்லும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் பிள்ளைகள் ஒரு கணக்காவது தாமாகச் செய்யாவிட்டால், அந்த நேரத்தை றேந்தை, அதாவது லேஸ், பின்னுவதற்குக் கொடுத்துவிடுவதாகவும் எனக்கு ஊர் திரும்பக் கப்பல் செலவு தருவதாகவும் மிகவும் கனிவோடு தெரிவித்தார். றேந்தை ஆசிரியை ஊசிகளோடு தயாராகவே இருந்தார்.

நான் அல்ஜீப்ரா படித்தது பிரம்பிடம். எங்கள் வாத்தியார் பலகையில் எக்ஸ் என்று எழுதி, "இது தெரியாத ஒன்று" என்பார். "என்ன ஐயா அது?" என்று கேட்டவனுக்கு அடி. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்கும் அடி. ஆகவே நான் பிரம்பைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். என் பெருந்தன்மையால் ஒரு பயனும் விளையவில்லை. "விளங்கிச்சோ?" என்று அவர்கள் பாஷையிலேயே கேட்டால் வகுப்பு முழுவதும் "ஓம்" என்னும். சுண்ணக்கட்டியை நீட்டினால் எல்லாத் தலைகளும் கவிழும். எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து உட்கார்ந்திருப்பதை அவர்கள் வீட்டுக்குள் பாம்பு வந்ததைப் போலப் பார்த்தார்கள்.

ஆங்கிலப் புத்தகத்துக் கணக்குகளில் ஆப்பிளும் ரயிலும்தான். ஆப்பிளை நானே பார்த்ததில்லை. அதனால் ஒருநாள் ஊருக்கேற்ப ஒரு கணக்குக் கட்டினேன். ஒரு தோட்டக் கிணறு. இறைக்கும் முறை ஒன்பது நாளுக்கு ஒரு சுற்று. அண்ணனுக்குத் தம்பியைப்போல் இரண்டு மடங்கு பங்கு. ஆளுக்கு எத்தனை நாள்? எழுதிவிட்டுத் திரும்பினேன். வழக்கம்போலத் தலைகள் கவிழவில்லை. எல்லாரும் பலகையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து நாகரத்தினம் எழுந்தாள். அதுவரை என்னிடம் "ஓம்" தவிர வேறு சொல் பேசாதவள்.

"இது பிழையான கணக்கு, ரீச்சர். கிணத்தை அண்ணனும் தம்பியும் எடுத்தால் பெட்டையளுக்கு என்ன சீதனம் குடுக்கிறது? கிணத்துப் பங்கில்லாத தோட்டத்தை ஆர் வாங்குவினம்?"

இங்கே வீடும் வளவும் கிணற்றுப் பங்கும் பெண்ணோடு போகும் என்பது எனக்குத் தெரியாது. நம் ஊரில் பெண்ணோடு போவது பித்தளைப் பாத்திரம். கணக்கில் சகோதரியைச் சேர்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அதைவிட, தோன்றவில்லை என்பதும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. "சரி, நீங்களே திருத்துங்கள்" என்றேன். நாகரத்தினம் சொல்லச் சொல்லத் திருத்தினார்கள். இளையவளுக்கு எக்ஸ், மூத்தவளுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, தம்பி பாவம் என்று அவனுக்கு இளையவளைவிட ஒரு நாள் கூட. தங்கள் சொத்து என்றதும் எக்ஸ் யாரையும் கடிக்கவில்லை. மணி அடித்தபோது, இரண்டு, நாலு, மூன்று என்று சண்டை போட்டுக்கொண்டே விடை எடுத்துவிட்டார்கள்.

வேலிகள் தங்கள் கடமையைச் செய்தன. மறுநாள் காலையில் நாகரத்தினத்தின் தகப்பனார் கந்தையா, தோளில் சால்வையோடு, மனேச்சர் முன்னால் நின்றார். அவருடைய மனைவிக்கும், மனைவியின் தங்கைக்கும் தம்பிக்கும் இடையே கிணற்று வழக்கு நெடுநாளாகக் கோர்ட்டில் நடக்கிறதாம். மகள் உறுதிப் பத்திரத்தில் உள்ள தம் வீட்டுப் பங்கையே வகுப்புக் கணக்காக்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனைவிக்கு ஐந்து நாள் என்று இவர் வழக்காடுகிறார். பலகை நாலு என்கிறது.

"எங்கடை வழக்கை ஏன் பலகையிலை எழுதினனீங்கள்? உந்த விடையை மாத்துங்கோ" என்றார். மாற்றாவிட்டால் மகளை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். மனேச்சர் என்னைப் பார்த்த பார்வையில் கப்பல் புகைவிடத் தொடங்கியிருந்தது. விடையை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, வேண்டுமானால் மகளையே கேளுங்கள் என்று சொல்லி, இருவரையும் வகுப்புக்கு அழைத்துப் போனேன்.

நாகரத்தினம் சுண்ணக்கட்டியை எடுத்தாள். தகப்பனுக்கு முன் பெண் வாய் திறப்பதே அரிதான ஊர் இது.

"அஞ்சு வராது, ஐயா. உங்களுக்கு அஞ்செண்டால் சின்னம்மாவுக்கு இரண்டரை, மாமாவுக்கு மூண்டரை. கூட்டினால் பதினொண்டு. கிணத்துக்கு ஒன்பது நாள்தானே?"

கந்தையா விரல்களை மடக்கித் தாமே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். நான் மனத்துக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப சின்னம்மா மூண்டு கேக்கிறாளே, அது?"

"அதுவும் வராது. இரண்டுதான்."

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தமக்கு ஒரு நாள் போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை; எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நாள் போகிறதே! இதைப் பிறக்கிராசியார் இவ்வளவு காலமும் சொல்லவில்லையே என்று வக்கீல்களை ஒருமுறை திட்டிவிட்டு, மகளுக்கு இந்தப் படிப்பை இன்னும் கூடப் படிப்பிக்கவேண்டும் என்று மனேச்சரிடம் சொல்லிப் போனார். சமாதானம் ஆகவில்லை, வழக்கு இன்னும் சுறுசுறுப்பாக நடக்கிறது. ஆனால் அந்த வாரமே வேறு சில தகப்பன்மாரும் வந்து, தங்கள் பிள்ளைகளுக்குப் பங்குக் கணக்கு எப்போது தொடங்கும் என்று விசாரித்தார்கள். மனேச்சர் மூளைச் சூட்டைப்பற்றிப் பிறகு பேசவில்லை. றேந்தை ஆசிரியை என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

நத்தாருக்கு ஊருக்குப் போனேன், தலை நிமிர்ந்துதான். அண்ணன்மார் அதற்குள் அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்திருந்தார்கள். நடுவில் புதுச் சுவர். அது முற்றத்தைக் கடந்து, கிணற்றின் மேலும் ஏறி, அதை இரண்டு பாதியாக்கியிருந்தது. "எனக்கு?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். பெரியண்ணன் சிரித்துவிட்டு, "ஒனக்கு எதுக்கும்மா கெணறு?" என்றார். காலையில் குடத்தோடு போனால், இரண்டு மதினிமாரும் தத்தம் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒவ்வொருத்தியும் மற்றவள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். நான் சுவர் முனையில் நின்றேன். அழுகை வந்தது. விடுமுறை முடியுமுன்பே கப்பலேறிவிட்டேன்.

இங்கே நான் குடியிருக்கும் வீட்டில் அவர்களுடைய இறைப்பு முறை வரும் நாளில் என்னையும் அள்ளிக்கொள்ளச் சொல்கிறார்கள். கேட்டால் இல்லையென்பதில்லை, ஆனால் கேட்கவேண்டும். பாடசாலை திறந்த அன்று பிள்ளைகள் என் ஊர்ச் செய்தி கேட்டார்கள். சுவரைப்பற்றிச் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நாகரத்தினம் எழுந்து நின்றாள்.

"உங்கடை கிணத்திலை உங்களுக்கு எத்தினை நாள், ரீச்சர்?"

பயப்படாமல் கேள்வி கேட்கப் பழக்கியவள் நான்தான். பலகைப் பக்கம் திரும்பி அடுத்த கணக்கை எழுதத் தொடங்கினேன். என்ன எழுதினேன் என்று இப்போது நினைவில்லை.