புஷ்பத்தின் நிரையில் நிற்கிறவள்

முனி அடித்தது, மோகினி பிடித்தது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அட்டனில் எங்கள் ஓவியக் கூடம் தொடங்கியது ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடை மாடியில், ஒற்றை அறையில். மாட்டியது மூன்றே படங்கள். இரண்டு என்னுடையவை, ஒன்று புஷ்பத்தினுடையது. இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள், அவளுக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பிறகு மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை கிடைத்தது, கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கூடம் வளர வளர அவள் படம் முன்சுவருக்குப் போனது, என் படங்கள் கக்கூஸ் போகிற வழிக்குப் போயின. பொறாமைதான், மறைப்பானேன்? வயிறு எரிந்தது.

அந்தப் படத்தில் புஷ்பம் வரைந்திருந்தது தன்னையேதான். மலைச்சரிவில் ஆளுக்கொரு தேயிலை வரிசை, அதை நிரை என்போம், நடு நிரையில் கூடையோடு அவள். காலையில் கங்காணி காட்டுகிற நிரையில் அன்றைக்கு இன்னொருத்தி கால் வைக்க முடியாது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பது மலையில்தான் நன்றாகத் தெரியும்.

புது மண்டபம் திறப்பதற்கு முந்தைய நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் படத்தைக் கழற்றிக் கக்கூஸ் வழியில் மாட்டிவிட்டு, என்னுடையது ஒன்றை முன்சுவரில் மாட்டினேன். ஜன்னலில் பனி நுழைந்தது, அது தினமும் வருவதுதான். கூடவே பச்சைக் கொழுந்து வாசம் வந்தது, அங்கே கொழுந்து வந்து வருஷக்கணக்காகிறது. திரும்பிப் போய் அவள் படத்தைப் பார்த்தேன். புஷ்பத்தின் நிரையில், அவளுக்குப் பின்னால், கைகளைத் தொங்கவிட்டபடி இன்னொருத்தி. முழங்கையில் சிவப்பு நூலால் தைத்த நீல சுவெட்டர். அன்றைக்கு நான் போட்டிருந்த அதே சுவெட்டர்.

இரண்டு படங்களையும் பழையபடி மாட்டினேன். படத்துக்குள் நின்ற அந்த இன்னொருத்தி போகவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த புஷ்பத்திடம் அவளைக் காட்டி, "இது யாருடி?" என்றேன்.

"என்னக்கா கேக்குறீங்க? நீங்கதான். ஆரம்பத்துலேருந்து அங்கதானே நிக்கிறீங்க."

"ஒன் நிரையிலயா?"

"வேற யாரும் வந்தா விடுவேனா? நீங்கங்கிறதால விட்டேன்," என்று சிரித்தாள்.

துணிக்கடை மாடியில் எடுத்த பழைய போட்டோவைத் தேடிப் பார்த்தேன். அதிலும் அந்தப் படத்துக்குள் நீல சுவெட்டர் நிற்கிறது. அந்த சுவெட்டரை நான் வாங்கியதே மண்டபம் திறப்பதற்கு முந்தைய வருஷம்தான்.

இந்த வருஷம் இன்னொரு மண்டபம் திறந்தார்கள். புஷ்பத்தின் படத்தைப் போய்ப் பார்த்தேன். நீல சுவெட்டர்க்காரி ஓர் அடி முன்னால் வந்திருக்கிறாள். கை புஷ்பத்தின் கூடைக்குள் இருக்கிறது.