உறைந்திருந்த பதினாறு குழாய்கள்

1998 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஏழு ஐம்பதுக்குக் கரமனையில் பஸ் ஏறி, எட்டரைக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அப்போது நான் மூத்த டெக்னீஷியன், வயது நாற்பத்தாறு. வழக்கம்போல் ஃப்ரீஸரைத் திறந்து குழாய்களை எண்ணினேன். பதினாறு. பதிவேட்டில் குறித்தேன். வெளியே மழை. இவ்வளவும் அன்றைய டைரியில் இருக்கிறது.

அந்தக் குழாய்களில் இருந்தது ஒரு மனிதப் புரதம். மனித உடம்பிலிருந்து எடுத்ததல்ல. மனித ஜீனைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக்கொண்டு தயாரிப்பது. வெளிநாட்டிலிருந்து வர நான்கு மாதம் ஆகியிருந்தது. அது வந்த பாட்டிலைப் பார்த்தால் காலி என்றே தோன்றும். பொடி அவ்வளவு கொஞ்சம். அதைக் கரைத்து, அரைச் சொட்டுக்கும் குறைவாக நாற்பது சிறு குழாய்களில் பிரித்து, மார்ச் மாதம் உறைய வைத்தோம். எலியின் நரம்புச் செல்களைத் தட்டில் வளர்க்க அது வேண்டும். அது இல்லாவிட்டால் செல்கள் செத்துப்போகும்.

செல்களை வளர்த்தவள் நாகர்கோவிலிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. முதல் மாதம் நன்றாகத்தான் வளர்ந்தன. பிறகு குறைந்தன. கடைசி மூன்று வாரம் ஒரு தட்டுகூடத் தேறவில்லை. ஜூன் மாதத்தோடு அவளுக்கு ஃபெல்லோஷிப் முடிகிறது. முடிவுகள் இருந்தால்தான் நீட்டிப்பார்கள். மலையாளி சகா ஒருவர், "பழவங்காடிக் கோயிலிலெ நூத்தெட்டுத் தேங்கா உடைச்சு நோக்கு. பிள்ளையார் செல்லை வளத்துத் தருவார்" என்று கேலி செய்தார். அவள் நிஜமாகவே போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். "எங்கிட்டதான் ஏதோ கோளாறு சேச்சி. தொட்டதெல்லாம் சாகுது" என்று என்னிடம் சொன்னாள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று பதினொரு மணிக்கு, நீட்டிப்பைத் தீர்மானிக்கும் குழு கூடியது. நீட்டிப்பு இல்லை. செய்முறைத் திறன் போதாது என்று அவள் கோப்பில் எழுதினார்கள்.

மூன்று மணிக்கு அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அவளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். எங்களிடம் தமிழில்தான் பேசுவார், மலையாளம் கலந்து. மீதிப் புரதம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"பத்திரமா இருக்கு சார். தெனமும் நானே எடுத்துப் பார்த்து எண்ணி வைக்கறேன்" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

"எடுத்துன்னா? ஒண்ணு காணிக்கு, பார்க்கட்டே."

பெட்டியை வெளியே வைத்து ஒரு குழாயை எடுத்தேன். மேலே உறைபனி படிந்து எண் தெரியாது. தினமும் செய்வதுபோல் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து, எண்ணைப் படித்து, அவரிடம் நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்து லேசாகச் சாய்த்தார். அடியில் நீர் ஆடியது.

குழாயை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கே புரிந்துவிட்டது. புரதத்தோடு வந்த தாளில், உறைய வைப்பதும் உருக விடுவதுமாக இருக்கக் கூடாது, வீரியம் போய்விடும் என்ற வரி இருந்தது. அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டவளே நான். உருகுவதென்றால் மேஜையில் கிடந்து உருகுவது என்று நினைத்திருந்தேன். அத்தனை சின்னத் துளிக்கு என் உள்ளங்கைச் சூடு போதும் என்று தோன்றவே இல்லை. மூன்று மாதமாக, ஒரு வேலைநாள் தவறாமல், ஒவ்வொன்றாக உருக்கி உருக்கி வைத்திருக்கிறேன்.

அவள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ, தப்பு எங்கிட்ட இல்லல்லா சேச்சி?" என்றாள். "இல்லடி" என்றேன். திரும்பவும் அதையே கேட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் போனபின் பேராசிரியர் தணிந்த குரலில், "இனி இதைக் குழுவுக்கு எழுதிட்டு என்ன காரியம்? புதுசு வர நாலு மாசம் ஆகும். அவ ஃபெல்லோஷிப் போயாச்சு. நீங்க இங்கே ஜோலி செய்யணும். விட்டேக்கு, அப்படியே விட்டுடுங்க" என்றார். நான் தலையாட்டினேன். அதையும் டைரியில் எழுதினேன்.

அவள் மாதக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டாள். படிப்பைத் தொடரவில்லை என்று கேள்வி. இன்றும் எதையாவது சரிபார்க்கப் போகும்போது, இது யாருக்காக என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் பேராசிரியரிடம் தலையாட்டிய மறுநாளே, ஜூன் 10, காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் முதலில் நிறுவன அலுவலகத்துக்குப் போனேன். புரதத்தைக் கெடுத்தது நான், மாணவி அல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளை அவள் கோப்பில் சேர்த்தார்களா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.