இறக்கையின் கயிறு

தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரிப் படகு ஏறி, அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் துறைமுகத்துக்குச் சரக்கு இறக்கும் வேலைக்குப் போகிறேன். கொள்கலன்களுக்கு நான் பயந்ததில்லை. பயந்தது ஒரு காற்றாலை இறக்கைக்குத்தான்.

அதைப்போல மூன்றைக் காற்று தள்ளிச் சுழற்றினால், ஜெனரேட்டர் ஓடி மின்சாரம் வருமாம். வேறு நாட்டுக்குப் போகிற சரக்கு. ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்ற எங்களிடம் வந்தது. காலை பத்து மணிக்குள் தூக்கிவிட வேண்டும். அதற்குமேல் தரை கொதித்து, சூடேறிய காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று ஓடிவரும். அன்று கப்பலும் தாமதம், கிரேனும் தாமதம். வெயில் மட்டும் நேரத்துக்கு வந்தது.

பத்து மணி தாண்டித்தான் கிரேன் இறக்கையைத் தூக்கியது. அது ஆடாமலிருக்க அதன் நுனியில் கட்டிய கயிற்றை நான் பிடித்திருந்தேன். கையில் சுற்றக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்வார்கள். எல்லோரையும்போல நானும் சுற்றியிருந்தேன்.

கீழே என் சட்டைகூட அசையவில்லை. மேலே இறக்கை மெல்லத் திரும்பியது. கயிறு இறுகி, என் கால்கள் தரையைவிட்டுக் கிளம்பின.

"அண்ணே, கயித்த விடுங்க லா!" என்று பக்கத்தில் நின்றவன் கத்தினான்.

நான் விட்டுவிட்டேன். அது என்னை விடவில்லை.

காற்று தணிந்த பிறகுதான் தரையில் விழுந்தேன். மேற்பார்வையாளர் கயிறு அறுத்திருந்த என் வலது கையைப் பார்த்தார். "இறக்கை மேல தப்பில்ல தம்பி. காத்துல சுத்தத்தான் அத செஞ்சிருக்கான்."

வீட்டில் மனைவி சோறு போட்டுவிட்டு மின்விசிறியின் சுவிட்சைத் தட்டினாள். மூன்று இறக்கைகள் மெல்லத் திரும்பின. நிறுத்தச் சொன்னேன். வேர்த்து ஊற்ற, இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன்.