பாயல் தின்ற பூச்சி

வண்டிப்பெரியாருக்கு மேலே, எங்கள் எஸ்டேட்டை ஒட்டி ஓர் ஏரி இருந்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பெடல் படகு விடுவது அப்பாவின் வேலை. எனக்கு எட்டு வயதானபோது அந்த ஏரியில் தண்ணீரே கண்ணில் படவில்லை. கரைக்குக் கரை பாயல் என்ற மிதக்கும் களைச்செடி மூடியிருந்தது. புல்வெளி என்று நம்பிக் காலை வைத்த எங்கள் மாடு கழுத்துவரை இறங்கிவிட்டது.

அம்மாவும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்களும் பாயலை வாரிவாரிக் கரையில் குவித்தார்கள். பத்தே நாளில் பழையபடி மூடிக்கொண்டது. படகுகள் ஓட வழியில்லாமல் கரையில் கவிழ்ந்து கிடந்தன. இப்படியே போனால் அப்பாவை நிறுத்திவிடுவார்கள் என்று வீட்டில் பேச்சு.

அப்போதுதான் விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு டீச்சர், மூடி போட்ட வாளியுடன் வந்தார். உள்ளே கொஞ்சம் பாயல், அதில் கடுகளவு கறுப்புப் பூச்சிகள்.

"இத்தனூண்டு பூச்சியா டீச்சர் இம்புட்டையும் திங்கப் போவுது?" என்றார் அப்பா.

"தின்னும். கொஞ்சம் சமயம் கொடுங்க."

நம்பிக்கை இல்லாமல்தான் அப்பா அதை ஒரு மூலையில் விட்டார். பள்ளி விட்டு வந்ததும் நான் போய்ப் பார்ப்பேன். முதலில் ஒரு பாய் அகலத்துக்குப் பழுப்பு தட்டியது. மாதங்கள் போகப்போக ஏரிப் பாயல் முழுவதும் பழுத்து, கறுத்து, அழுகி மூழ்கியது. அடுத்த மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் பார்த்தால், எதிரே இருந்த தேயிலை மலை முழுவதும் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. கடுகளவு வாய்கள் தின்று திறந்துவிட்ட தண்ணீர். அம்மா கோயிலில் நிற்பதுபோல் நின்றாள்.

"ஏட்டி, எவ்வளவு தண்ணி பாரு" என்று மட்டும் சொன்னாள்.

மறுவாரம், படகுக் கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டியில் அப்பா கொஞ்சம் பாயல் வளர்ப்பதைக் கண்டுபிடித்தேன். எனக்கு ஆத்திரம். ஓர் இலை விடாமல் வாரிக் குப்பைமேட்டில் வீசினேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அப்பா திட்டவில்லை. "எங்கட்டி போட்ட?" என்று கேட்டுவிட்டு ஓடினார். குப்பைமேட்டில் மண்டியிட்டு ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பார்த்தார்.

பாயலைத் தவிர அந்தப் பூச்சி வேறெதையும் தின்னாது என்பதும், ஏரி தெளிந்த அன்றே அதற்குப் பட்டினி தொடங்கிவிட்டது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அப்பா எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன்.