பிஸ்கட் தகரத்து முருகன்

என் கணவர் கோயில் திருவிழாக்களுக்கு மின்குமிழ்ச் சோடனை கட்டுபவர். அளவெட்டி, உரும்பிராய், மானிப்பாய் என்று எங்கே கொடி ஏறினாலும் எங்கள் வீட்டில் அடுப்பு நேரத்துக்கு எரியாது. படம் வரைவது நான். சதுரக்கோடு போட்ட கொப்பியில் ஒரு கட்டத்துக்கு ஒரு குமிழ். அவர் மரச்சட்டத்தின் பின்பக்கம் ஏறி நின்றுதான் வயர் பூட்டுவார். ஆகவே பின்னாலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே வரைந்து கொடுப்பேன். முன்பக்கப் படத்தைக் கொடுத்துத் தலைக்குள் திருப்பிப் போடச் சொன்னால், மனிதர் மயிலின் கழுத்தை வாலில் பூட்டிவிடுவார்.

வெளிச்சம் ஓடுவதுபோலத் தெரிய, சோடனைக்குப் பின்னால் செப்புத் தகடு அடித்த உருளை ஒன்று சுற்றி, குமிழ்களை ஒன்றன்பின் ஒன்றாக எரியவைக்கும். அதில் பொறி பறக்கும் என்பதால் அவர் அதை விட்டு அசையமாட்டார். அவரை விட்டு நானும் அசையமாட்டேன். கலியாணமாகி ஆறு வருடத் திருவிழாக்களும் எங்களுக்கு இப்படித்தான் போயின.

எண்பத்தொன்பதில் அவர் ஜெர்மனிக்குப் போனார். அடுத்த வருடம் சண்டையில் ஊருக்குக் கரண்டும் போய்விட்டது. பிறகு ஒரு கடிதம் வந்தது.

"வாற வருசத் திருவிழாவுக்கு நிப்பன். பெரிய முருகன் ஒண்டு செய்வம். வேல் அடியிலையிருந்து நுனிவரைக்கும் ஓடவேணும். நீர் டிசைனை ரெடியா வையும்."

அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். டிசைன் சரியாக வந்தால் அவரும் வந்தே ஆகவேண்டும் என்பதுபோல் ஒரு பைத்தியம்.

ஆனால் ஓடும் வெளிச்சத்தைக் கொப்பியில் பார்க்க முடியாது. கரண்ட் இல்லை, பற்றரி வரத் தடை. மிஞ்சியது ஒரு ஜாம் போத்தல் விளக்கு. ஒரு கிழமை யோசித்து ஒரு திட்டம் போட்டேன். சதுரப் பிஸ்கட் தகரத்தின் ஒரு முகத்தில் படத்தை ஒட்டி, குமிழுக்கு ஒன்றாக ஆணியால் துளை. உள்ளே விளக்கு. விளக்கைச் சுற்றி, அடி வெட்டிய பால்மாத் தகரப் பேணி ஒன்று நூலில் தொங்கும்; அந்தப் பேணியில் கீழிருந்து மேலே சரிவாக ஒரு கீறல். நூலை முறுக்கிவிட்டால் பேணி மெல்லச் சுற்ற, வெளிச்சம் துளைத் துளையாக மேலே ஏறும். வேலோடு சேர்ந்து முருகனும் ஏறுவார். பரவாயில்லை, அவர் மலை ஏறிப் பழகியவர்தானே.

"மண்ணெண்ணெய் கிடைக்காத நேரத்திலை உனக்குத் திருவிழா கேக்குதோ?" என்று மாமி புறுபுறுத்தார். என்றாலும் நான் நூலை முறுக்கியபோது, மகனின் சோடனை அல்லவா, அவரும் வந்து குந்தினார்.

வேலின் அடியில் ஒரு புள்ளி எரிந்தது. அடுத்தது எரிந்தது. நுனி வரைக்கும் ஏறியதைப் பார்த்து அழுதுவிட்டேன். மாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டப் போனார்.

"முருகன் எப்பயடி இடக்கையன் ஆனவர்?"

வயிறு நோகச் சிரித்தோம். பழக்கதோஷத்தில் இதையும் பின்பக்கத்திலிருந்தே வரைந்திருக்கிறேன்! சிரித்து முடிந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் வரைந்த ஒரு படத்தையாவது ஒருநாளாவது முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. ஊரெல்லாம் ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு அண்ணாந்து பார்த்ததை, நாங்கள் இரண்டு பேரும் வயர்களுக்குள்ளால்தான் பார்த்திருக்கிறோம். சனத்துக்கு நடுவில் அவரோடு ஒருதரம் நிற்கவேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது. சோறு இறங்கவிடாத ஆசை.

தகரத்தின் மற்ற முகத்தில் சரியாகத் துளைத்தேன். கடிதமும் எழுதினேன்: "வாங்கோ. உந்த உருளையை இந்தமுறை வேறை ஆரும் பாக்கட்டும். நாங்கள் முன்னுக்கு நிப்பம்."

பதில் வர ஐந்து மாதம். "அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. வந்தா இஞ்சை திரும்பேலாது. நீர் கொழும்புக்கு வந்து நில்லும், கூப்பிடுறன்." முருகனைப் பற்றி ஒரு சொல் இல்லை. படத்தைக் கிழிக்கப் போய், மனம் வராமல் மடித்து வைத்தேன்.

மூன்று வருடம் இழுத்தடித்து, தொண்ணூற்றுநாலில் மாமியை மச்சாள் வீட்டில் விட்டுவிட்டு, படகில் நீரேரியைக் கடந்து கொழும்புக்கு வந்தேன். அப்போது புத்தருக்கு எடுக்கும் வெசாக் பண்டிகை. லொட்ஜில் பக்கத்து அறைப் பெண் மின்குமிழ்த் தோரணம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். நாலு மாடி உயரத்தில் குமிழ்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுற்றிவர, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு புருசன்மார், அவர்களின் கையைப் பிடித்தபடி பெண்கள். முன்னால் நின்ற நான் கொஞ்ச நேரத்திலேயே தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த நாள் அவர் லொட்ஜுக்குப் போன் எடுத்தார்.

"நேற்றும் எடுத்தனான், சோடனை பாக்கப் போனனீராம். முன்னுக்கு நிண்டோ பாத்தனீர்?"

"ஓம்."

"வடிவா இருந்ததோ?"

"தெரியேல்லை," என்றேன். "பக்கத்திலை நீங்கள் இல்லையே."